ஒன்பது நாற்றங்கால்

ஊரை விட்டு ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போன மாதம் நான்கு கல்லூரிப் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அச்சடித்த படிவம். நான் வரிசையாகச் சொன்னேன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது. விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. பெய்ய வேண்டிய நாளில் மழை பெய்யாது, நெல் காய வேண்டிய நாளில் வந்து கொட்டும். அந்தப் பெண்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள், காபி குடித்தார்கள், போனார்கள்.

சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு நேரில் தெரிந்த ஒரு காரணத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் எங்களுக்குக் கடைசியாக வரும், முதலில் நின்றுபோகும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மகன் பெங்களூரில். ஏழு ஏக்கரையும் பதினைந்து வருடமாக நான்தான் பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் அதைத் திமிர் என்பார்கள். அந்தத் திமிர் இல்லாமல் ஒரு பொம்பளை இந்த ஊரில் ஒரு மடைத் தண்ணீர் பாய்ச்சிவிட முடியாது.

நடவுக்கு ஆள் கூட்டி வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள். ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் நட்டுக் கரையேறிவிடுவார்கள். நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்ததுமே எத்தனை நாள் நாற்று என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவளிடம் செல்லாது. எனக்கும் அவளுக்கும் வருடத்துக்கு இரண்டு சண்டையாவது வரும், அடுத்த நடவுக்கு அவளைத்தான் கூப்பிடுவேன்.

அந்த வருடம் சித்திரை முடிகிற நேரத்தில் ஒரு காலை என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றாள்.

“குறுவைக்கு வேற ஆள் பாத்துக்குங்கக்கா. நாங்க திருப்பூர் போறோம்” என்றாள்.

அவள் புருஷன் ஏற்கெனவே அங்கே ஒரு சாயப்பட்டறையில் இருந்தான். லைன் வீட்டில் இரண்டு அறை காலியாகிறதாம். மகள் பதினொன்றாவது முடித்திருந்தாள். ஒரத்தநாட்டில் படிப்பு, முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளை. பன்னிரண்டாவதில் பள்ளி மாற்றுவது நடக்காத காரியம். போனால் படிப்பு நின்றது என்றுதான் அர்த்தம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அதையும் அவளே சொன்னாள்.

“பிள்ளைய நாசம் பண்ணாத. ஒரு வருஷம் பொறுத்தா முடிஞ்சிடும்” என்றேன்.

“ஒரு வருஷம் எதத் திம்போம்? குறுவைக்குப் பத்து நாளு, சம்பாவுக்குப் பத்து நாளு. நூறு நாள் வேலயும் எப்ப வரும்னு தெரியாது. நீங்கல்லாம் ஒரே நாள்ல வெதய விடுறீங்க, ஒரே நாள்ல நடணும்ங்கிறீங்க. வேன் வெச்சு வெளியூர் ஆள எறக்குறீங்க. எங்க ஊரு நெலத்துல எங்களுக்குக் காவாசிகூடக் கெடைக்கிறதில்ல.”

அவள் போன பிறகு அந்தக் கணக்கு என்னை விடவே இல்லை. எங்கள் வாய்க்காலில் பதினோரு பேருக்குச் சேர்த்து நாற்பது ஏக்கர். ஆறு திறந்த செய்தி கேட்டதும் பதினோரு பேரும் ஓடிப்போய் நாற்று விடுவோம். இருபத்தைந்தாம் நாள் பதினோரு பேருக்கும் ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து அதே ஆட்கள் வேலை இல்லை என்று தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு நாளைக்கு ஒரு முறை, ஐந்து முறையாகப் பிரித்து நாற்று விட்டால் அந்தப் பதினான்கு பெண்களே நாற்பது ஏக்கரையும் நட்டு முடிப்பார்கள். பத்து நாள் வேலை நாற்பது நாள் ஆகும். களை பறிப்பும் அதேபோல் தள்ளித் தள்ளி வரும். இத்தனை வருடம் இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கும் தோன்றவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுறவு சங்கத்து வாசலில் பத்துப் பேரையும் உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் கத்தினேன். போர்வெல் தண்ணீர் நிறைய இருப்பவர்கள் ஆற்றை எதிர்பார்க்க வேண்டாம், அவர்கள் முதல் முறை. கடைசி முறைக்குத்தான் ஒருத்தரும் வரவில்லை. கடைசியாக நட்டால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். ஆறு முன்னாலேயே நின்றுவிட்டால் கதிர் வருகிற நேரத்தில் வயல் வெடிக்கும்.

“யோசன சொன்னவங்களே கடைசியா விடட்டுமே” என்றார் எதிரில் இருந்த பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“விடுறேன். நாந்தான் கடைசி. போதுமா?” என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான். என் போர் நாற்றங்காலுக்கு மட்டும்தான் தாங்கும், வயலுக்கு ஆற்றை விட்டால் கதி கிடையாது. ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேராக வாய்க்காலைத் தாண்டிப் போய் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

யார் எந்த முறை என்று நான் எழுதியிருந்த பட்டியலை அவள் வாங்கி மகளிடம் கொடுத்தாள். அந்தப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டது.

“எல்லாரும் கேப்பாங்களாக்கா?”

“கேப்பாங்க. நாப்பது நாளைக்கு நான் பொறுப்பு.”

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் திருப்பூர் அறையை வேண்டாம் என்று சொன்னாள். புருஷன் போனில் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது. பிள்ளைக்குப் பன்னிரண்டாவது புத்தகங்களும் வந்து சேர்ந்தன.

முதல் முறைக்காரர்கள் இரண்டு பேர் சொன்ன நாளில் நாற்று விட்டார்கள். மேட்டூர் அதற்கு முன்பே திறந்திருந்தது, அந்த வாரமே எங்கள் வாய்க்காலுக்கும் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் ஒரு குரல் பதிவு எல்லோருடைய போனுக்கும் வந்தது. யாரோ ஒரு ஆள், அதிகாரி மாதிரி நிதானமாகப் பேசுகிறான். அணைக்கு வரத்து நின்றுவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் கிடையாது, விவசாயிகள் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்ளவும். அந்தக் குரல் யாருடையது என்று இன்று வரை தெரியாது.

நான் அதை நான்கு தடவை கேட்டேன். வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. மேலே யாராவது மடை திருப்பியிருக்கலாம். அப்படி நினைக்க மனசு வரவில்லை. கடைசி முறை வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்கப்புறம் இருபத்தைந்து நாள் நாற்று. அதற்கப்புறம் நடவு. விரல் விட்டு எண்ணினேன். ஏழு ஏக்கரும் தரிசாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஊர் முன்னால் நான் ஏமாந்தவளாக நிற்பதும் தெரிந்தது. எது அதிகமாகப் பயமுறுத்தியது என்று கேட்டால் இரண்டாவதுதான்.

விதையை ஊறவைத்தேன். சாக்கில் கட்டி முளை வரும்வரை வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் மூடிவைத்தேன். மூன்றாம் நாள், ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்த உச்சி வெயிலில், போருக்குப் பின்னால் வாழைக்குக் கீழே இருந்த சின்ன வயல் தாக்கில் நானே சேறு மிதித்து நானே விதை தெளித்தேன். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாத இடம். நான் ஒருத்தி விட்டால் என்ன கெட்டுவிடும், மீதி எட்டுப் பேர் முறைப்படி விடத்தானே போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை தண்ணீர் நிற்காவிட்டால் இந்த நாற்றை அழித்துவிட்டு முறைப்படி மறுபடி விடுவேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டையும் நம்பவும் செய்தேன்.

நாற்றங்காலை மறைக்க முடியாது என்பது பதினைந்து வருடமாக விவசாயம் செய்கிற எனக்குத் தெரியாதா? ஐந்தாம் நாள் பச்சை கட்டிவிடும். அந்தப் பச்சை வேறு எந்தப் பயிருக்கும் கிடையாது. அரைப் பர்லாங் தூரத்திலிருந்தும் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

ஆறாம் நாள் காலையில் அவள் வந்தாள். வழக்கம்போல் கொல்லைப்புறம் நிற்காமல் நேரே போர் பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாழைக்கு நடுவில் நின்று ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள்.

“ஆறு நாளு” என்றாள்.

 நான் பக்கத்திலிருந்த காய்ந்த வாழை மட்டையை இழுத்துப் பிய்த்தேன்.

“விடியறதுலேர்ந்து நடக்குறேங்கக்கா. அந்தப் பெரியவரு தென்னந்தோப்புக்குள்ள விட்டுருக்காரு. சொசைட்டிக்காரரு வைக்கப்போர் மறைவுல. வாத்தியாரு வீட்டுல துணியக் கட்டி மறைச்சிருக்காங்க. மொத்தம் ஒம்பது எடம். எல்லாம் அஞ்சு நாளு, ஆறு நாளு.” பிடுங்கிய நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: “உங்களுது பாக்காமப் போயிடலாம்னு நெனச்சேன்.”

ஒன்பது பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், எல்லோரும் ஒரே யோசனை செய்து, எல்லோரும் அவரவர் கொல்லையில் ஒளித்து வைத்திருக்கிறோம். அவளும் சிரித்திருக்கலாம், நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கிற நிலைமையில் இரண்டு பேரும் இல்லை. ஒன்பது நாற்றங்காலும் ஒரே வாரத்தில் நடவுக்கு வரும். நாற்பது நாள் மறுபடியும் பத்து நாள் ஆகிவிட்டது.

“அணையில தண்ணி இல்லங்கிறாங்க” என்றேன்.

“எனக்கும் அந்த மெசேஜ் வந்துச்சுக்கா. நானும் கேட்டேன்.”

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். குடகில் மழை பெய்தது. அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் வாய்க்காலில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. நாற்றை அழித்துவிட்டு முறைப்படி விடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “முதல்ல உங்களுத அழிங்க” என்றார்கள். நான் அழிக்கவில்லை. அவர்களும் அழிக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் நெருங்க நெருங்க ஒன்பது பேரும் அவள் வாசலில் போய் நின்றோம். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“எழுதின முறப்படிதான் வருவோங்க. முன்ன பின்ன வர மாட்டோம்.”

எங்கள் ஊரில் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியது அவள் ஒருத்திதான். அதுதான் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொருத்தராக வெளியூர் வேனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். குறுவை நாற்று முற்றிவிட்டால் நட்டும் பிரயோஜனம் இல்லை. பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டாது, குட்டையாக நின்று சீக்கிரமே கதிர் தள்ளிவிடும். என் நாற்று இருபத்தெட்டு நாள், இருபத்தொன்பது நாள் என்று ஏறிக்கொண்டே போனது. தினமும் காலையில் போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பேன். அடியில் கணு தெரிய ஆரம்பித்தது. என் முறை வருவதற்குள் அது நாற்றாகவே இருக்காது. முப்பதாம் நாள் பட்டுக்கோட்டை ஏஜெண்டுக்கு நானும் போன் செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. மேற்கு வங்காளத்திலிருந்து வந்த பதினாறு ஆண்கள். பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. கயிறு பிடித்து மளமளவென்று நட்டார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. வரப்பில் டீ குடிக்கும்போது ஒருவன் போனை நீட்டி எதையோ காட்டினான். ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்கிற படம். பின்னால் கட்டிப்போட்ட நாற்று முடிகள். அவன் மனைவி என்று சைகையில் சொன்னான். அவன் ஊரில் அவன் வயலை அவள் நட்டுக்கொண்டிருக்கிறாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

இரண்டு வயல் தள்ளி என் ஊர்ப் பெண்கள் பதினான்கு பேரும் இரண்டாம் முறைக்காரர் ஒருவரின் நிலத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வேனைக் கூப்பிடாமல் தன் முறைக்குக் காத்திருந்தார். அங்கிருந்து என் வயல் நன்றாகத் தெரியும். காலை முழுக்க ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடவில் எப்போதும் கேட்கிற பேச்சுச் சத்தமும் இல்லை. பதினோரு மணிவாக்கில் அவள் மட்டும் கரையேறி, கால் சேற்றோடு என் வரப்புக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டலாம் என்று தயாராக இருந்தேன்.

“நாத்து முத்திடுச்சுல்லக்கா. நட்டுத்தான் ஆவணும்” என்றாள். கொஞ்ச நேரம் அந்த ஆட்கள் நடுவதைப் பார்த்தாள். “கொஞ்சம் நெருக்கி நடச் சொல்லுங்க. முத்துன நாத்து தூர் வெடிக்காது.”

அவள் சொன்னபடியே நெருக்கி நடச் சொன்னேன். நல்லபடியாகவே விளைந்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் குறுவையில் அவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் பன்னிரண்டு நாள் வேலை.

என் திட்டம் தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரில் இருக்கிற வேலை ஊர் ஆட்களுக்கே போதும், அதை ஒரே வாரத்தில் கொட்டிக் கவிழ்க்காமல் இருந்தால். ஆனால் கடைசியில் நிற்கிறவனுடைய பயத்துக்கு நான் ஒரு வழியும் வைக்கவில்லை. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் தண்ணீர் உண்டு என்று பொறுப்பான யாராவது எழுத்தில் கொடுத்திருந்தால் அந்தக் குரல் பதிவை ஒருத்தரும் காதில் வாங்கியிருக்க மாட்டோம். கடைசி முறைக்காரர் நிலம் காய்ந்தால் நஷ்டத்தைப் பதினோரு பேரும் பிரித்துக்கொள்வோம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் பேசியிருக்கலாம். அதைப் பேசினால் என் பெருமை கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் பேசவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்து சில நாளில், பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்கு டிசி வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் வந்து சொல்வாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. போகிற நாள் தெரிந்து நானே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இரண்டு பெரிய பை, ஒரு அரிசி மூட்டை, மடக்கிய பாய், டேபிள் ஃபேன். மகள் கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பிள்ளைய விட்டுட்டுப் போ. என் வீட்டுல இருந்து படிக்கட்டும். ஒரு வருஷம் நான் பாத்துக்குறேன். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே வந்து பேசுறேன்” என்றேன். வீட்டிலிருந்து நடந்து வரும்போதே முடிவு செய்ததுதான். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். மகளும் போனிலிருந்து தலையைத் தூக்கியது. ஒரு கணம் எல்லாமே திரும்பிவிடும்போல் இருந்தது.

“உங்க வீட்டுலயாக்கா?”

“ஆமா. எனக்கும் துணையா இருக்கும்.”

“எங்கக்கா படுத்துக்கும்?”

“பின்னால கொட்டாய் சும்மாதான கெடக்கு” என்றேன். “சுத்தம் பண்ணி, லைட்டு ஃபேன் போட்டுத் தரேன்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நாற்றின் வேரைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். மகள் குனிந்து ஒரு பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டது.

“வேணாங்கக்கா. அங்க மறுபடியும் ரெண்டு ரூம்பு கெடச்சிருக்கு. பாத்ரூம் பொதுதான், ஆனா நீ எந்தத் தெருன்னு யாரும் கேக்குறதில்லயாம்” என்றாள் அவள். “வரோங்கக்கா.”

பஸ் வந்தது. மூட்டையை ஏற்றிவிடக் கை கொடுத்தேன். அவர்கள் ஏறிப் போனார்கள்.

மாடியில் என் மகனுடைய அறை நான்கு வருடமாகக் காலியாக இருக்கிறது. கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்தது. வந்த பிறகுதான் கொட்டாய் என்று சொன்னேன்.